அக்கா வீட்டில் சாப்பிட்டது

ஜூன் 7, சனி

மதுரையில் இரண்டாவது முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் ஈரலில் கொழுப்பு இருக்கிறதாம். முதல் ஸ்கேனுக்கும் இந்த ஸ்கேனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். இரண்டு மாதமாக இட்லியை எண்ணித் தின்று, பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வந்ததன் பலன் யார் உடம்பில் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. டாக்டர் நல்ல மனிதர். "சங்கரலிங்கம் சார், உங்க அக்காவுக்கு உங்க லிவர்ல பாதிக்கு மேல வேணும். இவ்வளவு கொழுப்போட எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. எடையைக் குறைச்சிட்டு ரெண்டு மாசத்துல வாங்க" என்றார். இரண்டு மாதம் அக்கா தாங்குவாளா என்று கேட்டேன். அவர் திறந்திருந்த பேனாவை மூடி வைத்தார்.

சங்கரன்கோவில் திரும்பும்வரை அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தாள். கண் மஞ்சளித்துவிட்டது. வயிற்றில் நீர் கோத்து எட்டு மாதக்காரி மாதிரி இருக்கிறாள், ஒரு பிள்ளையும் பெறாதவள். காப்பிக்கு மேல் ஒன்றும் குடித்தறியாத அக்கா உலகம்மாளுக்கு ஈரல் சுருங்கிப் போகிறது; ஊரில் குடிக்கிறவனெல்லாம் கல்லுக்குண்டாகத் திரிகிறான். வேலாயுதம் அத்தானுக்குச் சர்க்கரை இருப்பதால் அவரிடமிருந்து எடுக்க முடியாது. வேறு யாரும் இல்லை. நான்தான்.

நாளை மறுநாளிலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன். எனக்கு ஆபரேஷன் பற்றிப் பயமெல்லாம் கிடையாது. எடைதான் பிரச்சினை.

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே நடக்கப் போனேன். மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் அந்தோணி தன் பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "என்ன ஓவிய வாத்தியாரே, மறுபடியுமா?" என்றார். அந்த 'மறுபடியுமா' எனக்குப் பிடிக்கவில்லை. வீம்புக்கு அவர் கண்ணில் படும் பக்கம் மட்டும் ஓடினேன். மறுபக்கம் நடந்தேன்.

வீட்டில் கோமதி அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டாள். காலையில் கம்பங்கூழ், மத்தியானம் காய்க்கு நடுவே கொஞ்சம் சோறு, ராத்திரி கொள்ளு ரசம். எண்ணெய்ப் பாட்டிலைக் காணவே காணோம். சங்கரலிங்கத்துக்குக் கோமதி என்று பெயர்ப் பொருத்தம் பார்த்தே எனக்கு இவளைக் கட்டிவைத்தவள் அக்கா. ஊர்ச் சாமியின் பெயரும் அம்மன் பெயரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மன் இப்படிப் பட்டினி போடுவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

முழங்கால் வலி. போகவில்லை.

ஜூன் 11, புதன்

போனேன். கோமதி கதவைத் திறந்து வைத்து, செருப்பை எடுத்து வெளியே போட்டுவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு வாரமாக வாயைக் கட்டியாகிவிட்டது. பள்ளியில் பிரிவுபசார விழாவில் ஜிலேபி வந்தது, தொடவில்லை. அதைச் சொல்லத்தான் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். எப்படியும் தினமும் போகிறவன்தான், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"எய்யா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சேல" என்றாள். என் கன்னம் ஒட்டவில்லை. அவளால் அதிக நேரம் நிற்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்துகொண்டே உளுந்தங்களி கிண்டியிருந்தாள். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தந்தாள். வேண்டாம் என்றேன்.

"சீனியால போட்டிருக்கேன்? கருப்பட்டிலா. ஒடம்புக்கு மருந்துல அது. நடக்குதவனுக்கு இடுப்புல வலு வேண்டாமா?"

அவளுக்கு உப்பு ஆகாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தான் ஒரு வாயும் தின்ன முடியாததை எனக்காகக் கிண்டி வைத்திருக்கிறாள். அதை எப்படித் தட்டுவது? அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து எனக்கு ஊட்டிய கை அது. சாப்பிட்டேன். அவள் நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கொள்ளு ரசம் மட்டும் குடித்தேன். ராத்திரி வேறொன்றும் சாப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இந்த ஆபரேஷனை எப்படிச் செய்கிறார்கள் என்று அந்தோணி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். தைரியம் வருமாம். வயிற்றில் பேனாவால் கோடு போடும் இடம் வரை பார்த்தேன். ஆங்கில 'எல்' எழுத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி நீளமாகப் போடுகிறார்கள். நெட் சரியில்லை. நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வீட்டில் களி. இன்னொரு உருண்டை நானே கேட்டு வாங்கினேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் நடை. கூழ். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் பிள்ளையாராக வரைந்து கொண்டுவந்தான். ஓவியம் நன்றாக இருந்ததால் அடிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அத்தானுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு அங்கேதான் இருக்கிறது. இரண்டு மல்லிகை மூட்டைகளை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். கடைப் பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எண் நின்றதும் அத்தான் சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் ஒன்றுமே குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடியிருக்கிறது.

"தராசு ஈரத்துல இருந்துச்சு மாப்ள, அதான்" என்றார். தராசு சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். தினமும் அதில் பூ நிறுக்கிறவர் அவர்.

என் உடம்பு என்னை ஏமாற்றுகிறது. ஒருவன் விடியற்காலை எழுந்து நடந்து, கூழைக் குடித்து, ஜிலேபியைத் தொடாமல் இருந்தும் குறையவில்லை என்றால் அதற்கு மேல் என்னதான் செய்வது?

ஜூலை 1, செவ்வாய்

புரோட்டா சாப்பிட்டேன். சால்னா ஊற்றி, நன்றாகப் பிய்த்துப் போட்டு, வயிறு முட்ட. எதற்கு மறைக்க வேண்டும்? எத்தனை நாள் கட்டினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகாத காரியத்துக்கு நாக்கு ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

கோமதி சட்டையை வாங்கும்போதே கண்டுபிடித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மதினி செத்துருவாவ. ஒங்களுக்கு அது புரியுதா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 2, புதன்

நடக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

நடக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்துக்கொண்டேன். ஒரு முறை விட்டதை மறுபடி பிடிப்பது முதலில் பிடிப்பதைவிடக் கஷ்டம். முதலில் நமக்கு நம்மைத் தெரியாது. இப்போது தெரியும்.

ஜூலை 5, சனி

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் போன் செய்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன், புரோட்டாவையும் சேர்த்து. "ஒரு நாள் புரோட்டாவால இப்படி ஆகாது சார். வேற ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

கோமதி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "சாயங்காலம் அவுக அக்கா வீட்டுக்குப் போறாக மேடம். அங்க உளுந்தங்களி. கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு. டெய்லி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது சாப்பாட்டில் சேருமா? அக்கா வீட்டில் வாயில் போடுவதை நான் என்றைக்கு சாப்பாடு என்று நினைத்திருக்கிறேன்? பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்குப் போய், அவள் தருவதைத் தின்றுவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து 'இன்னும் சாப்பிடலை' என்று உட்காருகிறவன் நான். இருபது வருஷமாக அப்படித்தான்.

போனில் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கருப்பட்டியும் சர்க்கரைதானாம். நல்லெண்ணெயும் கொழுப்புதானாம். நான் காலையில் நடந்து கரைப்பதைப் போல் இரண்டு மடங்கு சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருகிறேனாம்.

"மதினிக்கு இது தெரியும். மொத ஸ்கேன் முடிஞ்சதுமே நான் போய்ச் சொல்லிருக்கேன், அவுகளுக்கு எண்ணெயும் இனிப்பும் குடுக்காதீயன்னு. சரி தாயின்னாவ" என்றாள் கோமதி.

இதை ஏன் முன்பே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அடிக்க வருவீர்கள் என்றாள். உண்மைதான்.

ஜூலை 6, ஞாயிறு

நேரே கேட்டுவிட்டேன். அக்கா புற்றுமண்ணைக் குழைத்துத் தன் வயிற்றில் பூசிக்கொண்டிருந்தாள். நம் கோவில் புற்றுமண் தீர்க்காத நோய் இல்லை என்பது அவள் நம்பிக்கை. நான் கேட்டதும் கையில் ஒட்டிய மண்ணைக் கிண்ணத்து விளிம்பில் வழித்தாள்.

"ஆமால. தெரிஞ்சுதாம் போட்டேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஏன்னா கேக்க? ஒம் வயித்தக் கீறி எனக்கு வைக்கணும்ங்காவ. நான் சோறு ஊட்டி வளத்த வயிறுல அது. அதுல கத்தி வைக்க நான் சம்மதிப்பனா?"

"வெட்டினது திரும்ப வளர்ந்துரும்னு டாக்டர் சொன்னாருல்லா."

"வாழையால அது, வெட்ட வெட்ட வளர?"

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. நாற்பத்தைந்து வயதில், அத்தான் பார்த்துக்கொண்டிருக்க, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், நீ எனக்கு ஊட்டியது இதற்குத்தானா, கண் முன்னால் உன்னைச் சாகவிடவா என்று ஏதேதோ கத்தினேன். அவள் மீதி மண்ணை எடுத்து என் சட்டையைத் தூக்கி என் வயிற்றில் பூசினாள். சில்லென்று இருந்தது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே. அந்த இடம் எது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

"சரில. இனிப் போடல. அழாத" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

நடந்தேன். மறுபக்கமும் ஓடினேன்.

ஜூலை 10, வியாழன்

அக்கா வீட்டில் இப்போது சுக்கு போட்ட வெந்நீர் மட்டும்தான். நான் குடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். எழுந்து அடுப்படி வரை போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறாள். முன்பெல்லாம் அங்கே ஒரு மணி நேரம் போனதே தெரியாது. என்ன பேசினோம் என்று யோசித்தால் 'இன்னும் கொஞ்சம் வச்சுக்க', 'போதும்க்கா' தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

அக்கா வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. கூட இருக்க முடியவில்லை, வெளியே வந்து நின்றுகொண்டேன். அறைக்குள் காற்றோட்டம் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூ மார்க்கெட். குறைந்திருக்கிறது! நன்றாகவே குறைந்திருக்கிறது. அத்தான் என்னைத் தராசோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கழுத்தில் கனகாம்பரத்தை எடுத்துப் போட்டுவிட்டார் மனிதர்.

மூன்று வருஷத்துக்கு முந்திய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். பெல்ட்டில் புது ஓட்டை காட்டினேன். அவள் அழுதாள். சந்தோஷம்தான், வேறென்ன? "பாத்துல, ரொம்ப மெலிஞ்சிராத" என்றாள். எதற்காக மெலிகிறேன் என்று தெரிந்தும் இப்படி ஒரு பேச்சு.

ஜூலை 28, திங்கள்

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கும் நாட்கள். நாம் கோவிலைச் சுற்றச் சுற்ற அவள் கால்வலியை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது ஐதீகம். ஆடிச்சுற்று என்று சொல்வோம். ஊரே சுற்றிக்கொண்டிருக்கிறது. மைதானத்தை விட்டுவிட்டு நானும் இங்கே வந்துவிட்டேன். எனக்கு இத்தனை பக்தி கிடையாது. ஆனால் மைதானத்தில் ஒருவனாக நடக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் 'போதும்' என்று உள்ளே ஒருவன் சொல்கிறான். இங்கே முன்னால் ஒரு கிழவி நடக்கிறாள், பின்னால் கைக்குழந்தைக்காரி ஒருத்தி வருகிறாள், நடுவில் நின்றால் இடிப்பார்கள். நிற்க முடியாது. அதுதான் எனக்கு வேண்டியது.

"எனக்காகவால சுத்துத?" என்று அக்கா கேட்டாள்.

"அம்மனுக்காக" என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதுரை. மூன்றாவது ஸ்கேன். அக்காவை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானும் கோமதியும் மட்டும் போனோம். மெஷினுக்குள் போவதற்கு முன் சட்டைப் பட்டனைக் கழற்ற வெகுநேரம் ஆனது. அந்த அறையில் ஏசி மிக அதிகம். கோமதி என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேர்த்திருக்கு" என்றாள். டாக்டர்கள் கூடிப் பேசி முடிவைப் போனில் சொல்வார்களாம். ஒரு வாரம் ஆகுமாம்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் அக்கா ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்தாள். பாளையங்கோட்டையில் சேர்த்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசு. ஊரில் லட்சம் பேர். நான் ஐ.சி.யூ. வாசலில். ஒரு தடவை உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவே கண்ணைத் திறந்து, "சாப்டியால?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அக்கா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மதுரையிலிருந்து போன். ஒரு பெண் குரல், நல்ல உற்சாகம். "சார், ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க லிவர் ரொம்ப நல்லா இருக்கு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு, இவ்வளவு சீக்கிரம் யாரும் குறைக்கிறதில்லைன்னு. பேஷன்ட்டைக் கூட்டிட்டு இந்த வாரமே வந்துடுங்க."

"வேற யாருக்காவது குடுக்க முடியுமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சொந்தக்காரங்களுக்குத்தான் சார் குடுக்கலாம். ஏன் சார் கேக்குறீங்க?"

சொன்னேன். அந்தப் பெண் "ஐயோ" என்றாள். பிறகு வெகுநேரம் போனை வைக்கவே இல்லை. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அக்காவுக்குப் பதினாறு. இலை போட்டுச் சாப்பாடு. இரண்டு பாயசம், வடை. வடையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நடந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்பு வேகமாகப் பழைய இடத்துக்குப் போகிறது. போகட்டும். இனி அது யாருக்கு?

செப்டம்பர் 5, வெள்ளி

விடியும்போது கதவைத் தட்டுகிற சத்தம். அத்தான். வேட்டியை மடித்துக் கட்டி, காலில் பையன்கள் போடும் கேன்வாஸ் ஷூ. அக்கா போனதிலிருந்து நேரத்துக்குச் சாப்பிடாமல் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். "தனியாப் போனா அழுக வருது மாப்ள. ஆளு பாக்கும்" என்றார். என்ன செய்வது? போனேன்.

தீட்டு என்பதால் கோவில் பக்கம் போகவில்லை. ராஜபாளையம் ரோட்டில் நடந்தோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் ரொம்ப மெதுவாக நடக்கிறார். பாலத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும் மாப்ள. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தா. இப்ப அவ இல்ல."

நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வளத்த வயிறு, கத்தி வைக்கக் கூடாதுன்னு சொன்னாள்லா, அது பாதிதான். ஒனக்கு ஆபரேசன்னா பயம்னு அவளுக்குத் தெரியும். மொத தடவ டாக்டர் சொல்லும்போதே ஒன் மூஞ்சியப் பாத்துட்டா. 'அவன் வாயால மாட்டேன்னு சொல்ல மாட்டான். சொல்லிட்டான்னா நான் போன பொறவு காலம்பூரா அதையே நெனச்சு நெனச்சு அழுவான். அதனால ஸ்கேனு வேண்டாம்னு சொல்லிட்டுப் போட்டும். அவன் சொன்னதா இருக்க வேண்டாம்'னா. அதுக்குத்தாம் களி."

எனக்குப் பயமெல்லாம் இல்லை அத்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை நாளும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இதே நோட்டிலும் எழுதியிருக்கிறேன். வரவில்லை. அந்த ரோட்டோரத்தில், அந்த மனிதர் முன்னால் வரவில்லை.

"பயமாத்தான் இருந்துச்சு அத்தான். ரொம்பப் பயமா இருந்துச்சு."

"தெரியும்லா" என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பயந்துக்கிட்டேதான எடையக் கொறச்ச? ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்கு மொத நாளு அவளே சொன்னா. 'இவ்வளவு பயத்தோட எனக்காக மெலிஞ்சிட்டாம்லா எந் தம்பி'ன்னு. ஒரு கூடைப் பூ வாங்கினவ மாதிரி சொன்னா."

ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. அத்தான் ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது, அவரால் குனிய முடியவில்லை, நான் கட்டிவிட்டேன். "போலாமா" என்று கேட்டுவிட்டு அவர் முன்னால் நடக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு என்று சரிசெய்து வைத்து, அவளுக்குக் கொடுக்காமல் போனதை உள்ளே சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன்.